ஐந்தாம் குழுவில் ஒரு மாப்பிள்ளை

"நீ எப்படி, நல்லா சறுக்குவியா?"

கேட்டவள் ரோவினா, மோர்டன் மலையின் தலைமை வழிகாட்டி. கேட்ட இடம் மலையடிவாரத்துக் கூடாரம். நடுவில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் யார் யாருடையதோ ஈரக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு கிளேட்டன் பதில் யோசித்தான்.

உண்மையான பதில் ஒன்றும் கஷ்டமில்லை. கிளேட்டன் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளன். பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதெல்லாம் இரவோடு இரவாக இயந்திரம் வைத்துத் தேய்த்து, சலவைத்துணி மாதிரி ஆக்கிவைத்த சரிவுகள். ஓரத்தில் சூடான சாக்லேட் விற்பார்கள். அங்கே அவன் பெரும்பாலும் விழாமல் இறங்குவான். திரும்பக்கூடத் தெரியும், வலது பக்கமாக இருந்தால்.

மோர்டன் மலையில் அந்தக் கொஞ்சல் எல்லாம் கிடையாது. சரிவைத் தேய்த்துவிட ஆள் கிடையாது, ஓட்டல் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. கழிப்பறை என்று ஒரு மரப்பெட்டி உண்டு. அதன் கதவு பாதி நாள் உறைந்து கிடக்கும். மேலே போக, கம்பியில் தொங்கியபடி ஏறும் ஒரே ஒரு கம்பி நாற்காலி. அதுவும் வேறொரு மலைக்காரர்கள் ஆபத்து என்று கழற்றிப் போட்டதை வாங்கிவந்து மாட்டியது. இத்தனை வசதிக்குறைவையும் தேடிக்கொண்டு ஜனங்கள் இருட்டு பிரியுமுன் வந்து வரிசையில் நின்றார்கள். கஷ்டப்படுவதில் அவர்களுக்கு அப்படியொரு சுகம்.

இங்கே யாரையும் தனியாகச் சறுக்க விடுவதில்லை. பாறையும் பனிச்சரிவும் ஆளை விழுங்கிவிடும். அதனால் காலையில் ஒவ்வொருவரையும் விசாரித்து ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வழிகாட்டியைப் போட்டு அனுப்புவார்கள். அந்த விசாரணைதான் இப்போது நடந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் கோரினின் அப்பா ஹார்லன் நின்றுகொண்டிருந்தார்.

கோரினைத்தான் கிளேட்டன் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். கோரின் சம்மதித்தாகிவிட்டது, மோதிரம் போட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஹார்லன் மட்டும். இரும்புக்கடைக்காரர். கடையில் ஆணி வாங்க வருபவன்கூட மோர்டன் மலைக் கதை ஒன்றைக் கேட்காமல் வெளியே போக முடியாது. கல்லாவுக்குப் பின்னால் பெரிய படம் மாட்டியிருக்கும்: பனிமலை, முன்னால் ஹார்லன், கீழே "முதல் குழு" என்று சட்டத்திலேயே செதுக்கியிருக்கும். வருஷா வருஷம் ஹார்லன் முதல் குழுவில்தான் சறுக்குகிறார் என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் வீட்டில் முதல்முறையாகச் சாப்பிட உட்கார்ந்த அன்று, கலைமான் கறிக் குழம்புக்கு நடுவில், ஒரு பலவீனமான நொடியில் கிளேட்டன் சொல்லிவிட்டான், தானும் கொஞ்சம் சறுக்குவேன் என்று. மேசைக்கு அடியில் கோரின் அவன் காலை மிதித்தாள். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு அவன் மேலும் பேசினான்.

ஹார்லன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் மோர்டன் மலைக்கு என்னோடு ஒருநாள் வா என்றார். அங்கே தாக்குப்பிடிக்கிறவனுக்குத்தான் என் மகளைக் கைபிடித்து அழைத்துவந்து கொடுப்பேன், இல்லாவிட்டால் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றும் சொன்னார். வெறும் மிரட்டல் இல்லை. முன்பு ஒரு பல் டாக்டர் கோரினைக் கேட்டு வந்திருந்தார். அவரையும் ஹார்லன் இங்கே கூட்டிவந்தார். வண்டியை விட்டு இறங்கி மலையை ஒருதரம் அண்ணாந்து பார்த்த டாக்டர், அவசரமாக போன் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவர்தான். அந்த மலையில் எந்தப் போனுக்கும் எந்தக் காலத்திலும் சிக்னல் கிடைத்ததில்லை.

அப்பா வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும் என்று கோரின் தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாதான் இல்ல. அப்பா கையையாவது பிடிச்சிக்கிட்டு நடந்து வரணும்னு இருக்கு, கிளேட்டன்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த விதத்தை கிளேட்டனால் மறக்க முடியவில்லை. அந்த முகத்துக்காகத்தான் இன்று இந்தக் காலுறை நாற்றத்தில் நிற்கிறான்.

நிற்பதற்கு முன்னால் அவனிடம் ஒரு திட்டமும் இருந்தது. அந்தத் திட்டத்தைத் தந்தவரே ஹார்லன்தான், வரும் வழியில், பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டே.

"அங்க கேப்பாங்க தம்பி, நல்லா சறுக்குவியான்னு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. ஒண்ணாம் குழுவுல போட்டுருவாங்க. என்கூடவே வந்துடலாம்."

"ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாலா சார்?"

"அதான் அந்த மலையோட வழக்கம். பெருமை பேசுறவனை நேரா அஞ்சாம் குழுவுக்குத் தள்ளிருவாங்க. ஒரே நாள்ல கொழுப்பு அடங்கிரும்."

கிளேட்டனுக்குக் கண் திறந்துவிட்டது. ஆக, இந்த மலையில் அடக்கமாகப் பேசுபவன் வீரன், பீற்றிக்கொள்பவன் வெத்துவேட்டு. வீரனை முதல் குழுவில் போட்டுக் கொல்வார்கள். வெத்துவேட்டை ஐந்தில் போட்டு, குழந்தைகளோடு குழந்தையாக உருட்டிவிடுவார்கள். ஐந்துதான் தனக்கேற்ற இடம். அங்கே போக வாய் இருந்தால் போதும். மெத்தை விற்கிறவனுக்கு வாய்க்கா பஞ்சம்.

"நல்லாவா?" என்றான் ரோவினாவிடம். "என்னைவிட நல்லா சறுக்குறவங்க யாரையும் நான் இன்னும் நேர்ல பாக்கல."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூடாரத்தில் காலையிலிருந்து எல்லோரும் "ஏதோ சமாளிப்பேன்", "பரவாயில்ல ரகம்" என்று முனகிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு குரல் அங்கே கேட்டதே இல்லை.

ரோவினாவின் முகம் மாறவில்லை. எங்கெல்லாம் சறுக்கியிருக்கிறாய் என்று கேட்டாள். அலாஸ்காவில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியதையும், ஆல்ப்ஸில் ஆள் நுழையாத பிளவுக்குள் புகுந்து வெளியே வந்ததையும் கிளேட்டன் விவரித்தான். பொய்யில் குறை சொல்ல முடியாது. ஹார்லனிடம் பேச்சுக்காவது ஈடுகொடுக்கலாம் என்று இரண்டு வாரமாகக் கடையில் ஆள் வராத நேரமெல்லாம் காட்சிக்கு வைத்த மெத்தையில் படுத்துக்கொண்டு வீடியோ பார்த்துச் சேர்த்த சரக்கு.

"மேற்குக் காத்து அடிச்சு, கிழக்குச் சரிவுல பனி ஏறி உட்கார்ந்திருக்கு. என்ன பண்ணுவே?"

"பனி சரியுதான்னு மேல நின்னு கட்டையால சின்னதா வெட்டிப் பாப்பேன். அப்புறம் ஒவ்வொருத்தரா இறங்கணும். கூட்டமா இறங்கக் கூடாது."

ரோவினா குனிந்து அவன் கட்டைகளைப் பார்த்தாள். அவை அவன் சொந்தக்காரப் பையன் டேலுடையவை. பாறையில் உரசி உரசி ஓரமெல்லாம் பல் போயிருந்தது. கையுறையில் துணியைவிட வெள்ளி நிற ஒட்டுநாடா அதிகம் தெரிந்தது. டேல் இப்போது இடுப்புவரை மாவுக்கட்டோடு படுத்திருப்பதால் அவற்றை இரவல் தருவதில் அவனுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை.

அந்த ஒட்டுநாடாவை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள்.

கிளேட்டனுக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் ஹார்லன் முகம் வெளுத்துப் போயிருந்தது. வருங்கால மாப்பிள்ளை கடைசிக் குழுவில் விழுந்த அவமானம், பாவம்.

"இவன் சும்மா அளக்குறான் ரோவினா" என்றார். "என்கூட ஒண்ணுல போட்டுரு."

"உங்களுக்கு உங்க இடம், அவனுக்கு அவன் இடம். விடுங்க ஹார்லன்."

"எனக்கு அஞ்சே போதும் சார்" என்றான் கிளேட்டன் பணிவாக.

முதல் குழு முதலில் கிளம்பியது. கிளேட்டன் அவர்களை மரியாதையோடு பார்த்தான். ஒரே நிறத்தில் புதுச் சட்டை போட்ட வயதான தம்பதி. கட்டையை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டுக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. நிஜமான வீரர்கள் பார்க்க இப்படித்தான் சாதாரணமாக இருப்பார்கள் போல என்று வியந்துகொண்டான். அவர்களுடைய வழிகாட்டி ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய சூடான கோகோ எடுத்துக்கொண்டான். விறைத்துப் போனவர்களுக்கு உயிர் கொடுப்பதற்காக இருக்கும். அவர்கள் இன்று போகும் சரிவின் பெயர் விதவை மேடு. ஹார்லன் திரும்பித் திரும்பி கிளேட்டனைப் பார்த்துக்கொண்டே போனார். போருக்குப் போகிறவர் கடைசியாக வீட்டைப் பார்ப்பது போல இருந்தது.

ஐந்தாம் குழுவின் சரிவுக்குப் பெயர் ஞாயிறு பள்ளி. சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பின் பெயரைக் கேட்டதுமே கிளேட்டனுக்கு உயிர் வந்தது. வழிகாட்டியாக ரோவினாவே வந்தாள். சின்னக் குழந்தைகளுக்கு அனுபவசாலி வேண்டும், சரிதான்.

ஆனால் கம்பி நாற்காலியிலிருந்து இறங்கியதும் குழு கீழே போகவில்லை. கட்டைகளைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு மேலே நடக்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் பாதாளம், நடுவில் ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய முகடு, காதைப் பிய்த்துக்கொண்டு போகும் காற்று. கிளேட்டன் நாலு கால்களில் போனான். முன்னால் போனவன் பெயர் கஸ். தாடி முழுக்கப் பனிக்கட்டி தொங்கியது. அவன் நடந்துகொண்டே, சாவகாசமாக, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி தின்றான்.

கடைசிக் குழுவுக்கே இப்படி என்றால் முதல் குழுவின் கதி என்ன என்று நினைத்தபோது கிளேட்டனுக்கு ஹார்லன் மேல் நிஜமாகவே மதிப்பு பொங்கியது.

உச்சியில் நின்று எட்டிப் பார்த்தான். சரிவு என்றால் சரிந்திருக்க வேண்டும். ஞாயிறு பள்ளி நின்றுகொண்டிருந்தது. கீழே, வெகு கீழே, ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தது அவர்களை அள்ளிப்போக வரும் வேன்.

இனி பொய் உதவாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கடைசிக் குழுதானே, இங்கே உண்மையைச் சொன்னால் யாரும் சிரிக்கப் போவதில்லை. கூட்டத்தைப் பார்த்து, "எனக்கு உண்மையிலேயே சறுக்க வராதுங்க" என்றான்.

கஸ் தன் ரொட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் தோளில் கைவைத்தான்.

"கூடாரத்துல இவன் பேசினதைக் கேட்டு நான் தப்பா நினைச்சுட்டேன்டா. மேல வந்ததும் பாரு, எப்படி அடங்கிப் பேசுறான். இதான்டா ஆளு. எல்லாரும் நகருங்க. முதல் கோடு இவனுக்கு."

யாரும் தொடாத புதுப்பனியில் முதல் ஆளாக இறங்கிக் கோடு போடுவது. இந்த ஜனங்களுக்கு இதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் தலைவாழை இலை போட்டு உட்காரவைப்பது மாதிரி. கூடப் பிறந்தவனுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கிளேட்டன் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவன் மறுக்க மறுக்க அவர்களுக்கு அவன்மேல் அன்பு கூடிக்கொண்டே போனது. கடைசியில் கஸ் பாசத்தோடு லேசாகத் தள்ளிவிட்டான்.

கிளேட்டன் வலது பக்கம் திரும்பினான். அது ஒன்றுதான் அவனுக்கு வரும். மறுபடியும் வலது பக்கம் திரும்பினான். பின்னால் ரோவினா, இடது இடது என்று கத்துவது கேட்டது. அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். வலது பக்கம் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் சுற்றிக்கொண்டு போகும் பாறை. கிளேட்டன் அதன்மேல் ஏறி, அது முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் காற்றில் போனான்.

விழுந்து, மார்புவரை புதைந்து, உயிரோடு இருக்கிறோமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய தொழிலறிவு தன்பாட்டுக்கு வேலை செய்தது. மேலடுக்கு மிருது. அடியில் உறுதி. இடுப்புக்கு நல்ல தாங்கல். தன் கடையில்கூட இப்படியொரு சரக்கு இல்லை.

கஸ் பக்கத்தில் வந்து நின்று அவனைப் பிடுங்கி வெளியே எடுத்தான். "இந்தப் பாறையிலேருந்து இந்த வருஷம் ஒருத்தனும் குதிச்சதில்ல" என்றான், கண் கலங்காத குறையாக. தான் குதிக்கவில்லை என்று கிளேட்டன் சொன்னான். கஸ் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, கேட்டீங்களாடா, இன்னும் அடக்கத்தை விட மாட்டேங்கிறான் பாருங்க என்றான்.

அடிவாரச் சாலையில் வேன் காத்திருந்தது. ஒரு காலத்தில் பார்சல் கொண்டுபோன வண்டி. அதன் கதவு சாத்தாது, சாத்தினால் திறக்காது. ஓட்டுபவள் டாட்டி, தலைநரைத்த, வாயில் எப்போதும் உலர்ந்த மாட்டிறைச்சித் துண்டை மென்றுகொண்டிருக்கும் அம்மாள். எல்லாக் குழுக்களையும் அள்ளிப்போய் அடிவாரத்தில் சேர்ப்பது அவள் வேலை. சட்டைக்குள், காதுக்குள், மூக்குக்குள் எல்லாம் பனியோடு ஏறிய கிளேட்டனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அஞ்சா?"

"ஆமாம்மா."

"பாவம்" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு இறைச்சியை அவனிடமும் நீட்டினாள். கடைசிக் குழுக்காரன் என்றால் வேன் ஓட்டுபவளுக்குக்கூட இளக்காரம்தான் என்று நினைத்து, கிளேட்டன் அதை வாங்கி மென்றான். செருப்பைக் கடிப்பது போல இருந்தது.

இரண்டாம் முறை மேலே போனபோது அவன் உஷாராக இருந்தான். முதலில் போனால்தானே வம்பு. கடைசியில் போகிறேன் என்றான். எல்லோரும் கண்ணுக்கு மறைந்த பிறகு உட்கார்ந்தபடி மெதுவாக இறங்கிவிடலாம், பார்ப்பதற்கு ஆள் இருக்காது.

ரோவினா தன் முதுகிலிருந்த பெரிய பையைக் கழற்றினாள். கயிறு, மண்வெட்டி, மருந்துப் பெட்டி, அடிபட்டவர்களைத் தூக்கிப்போக மடக்கி வைத்த ஸ்ட்ரெச்சர் எல்லாம் உள்ளே இருந்தன.

"கடைசியா வர்றவன் கண்ணுலதான் எல்லாரோட உயிரும் இருக்கு. யாரும் தானா கேட்டு வாங்க மாட்டாங்க. நீ கேட்டுட்டே. பிடி."

பையை மாட்டிக்கொண்டதும் கிளேட்டன் பின்பக்கமாகச் சாய்ந்தான். சாய்ந்தவன் நிமிரவில்லை. கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரி முதுகுப்பையின்மேல் மல்லாந்து, தலை கீழ்ப்பக்கமாக, சரிவில் வழுக்கிக்கொண்டு போனான். வழியில் குழுவில் ஒவ்வொருவரையும் தாண்டினான். கடைசியாகத் தாண்டியது கஸ்ஸை. வானத்தைப் பார்த்தபடியே அவனுக்கு வணக்கம்கூடச் சொன்னான், மரியாதை விட்டுப்போகக் கூடாது என்று. கடைசி ஆளாகப் புறப்பட்டவன் முதல் ஆளாக வேனுக்கு வந்து சேர்ந்தான்.

இந்த முறை ரோவினா சும்மா விடவில்லை. அவனை வேனுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டாள்.

"அலாஸ்கா பொய்தானே?"

கிளேட்டன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஹெலிகாப்டர்?"

"படத்துல பாத்தேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். கோபப்படவில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. "ஏம்ப்பா, டாட்டி அடுத்து ஒண்ணாம் குழுவை ஏத்தத்தான் போறா. உன்னை அங்க சேத்து விட்டுரட்டுமா? உன் மாமனாரும் இருக்காரு."

பொய் சொன்னவனுக்கு இந்த மலையில் தண்டனை இப்படித்தான் போலிருக்கிறது. ஞாயிறு பள்ளியிலேயே உயிர் பாதி போய்விட்டது. விதவை மேட்டுக்கு அனுப்பினால் கோரின் கல்யாணத்துக்கு முன்பே பெயருக்கேற்றபடி ஆகிவிடுவாள். அதுவும் ஹார்லன் கண்ணெதிரே.

"வேண்டவே வேண்டாங்க" என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுக்கு மட்டும் அனுப்பாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன். அஞ்சுலயே இருந்துக்கிறேன். விழுந்தாலும் எழுந்து வந்துடுவேன்."

ரோவினா அவனை வினோதமாகப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக இந்த மலையில் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். எலும்பெல்லாம் ஆடிப்போன பிறகும் ஐந்தைவிட்டு நகரமாட்டேன் என்று அழுத ஒருவனை இதுவரை அவள் பார்த்ததில்லை.

"என்ன அழுத்தம்ப்பா உனக்கு" என்றாள் கடைசியில். "சரி. இன்னும் ஒரே ஒரு தடவை. என் பக்கத்தை விட்டு இம்மி நகரக் கூடாது."

மூன்றாவது தடவை அவள் அவனுக்கு ஒரு கை தூரத்தில் வந்தாள். அவன் விழுந்தால் நின்றாள், எழுந்தால் நகர்ந்தாள். குழு முழுவதும் கீழே காத்திருந்தது. வெயில் சாய்ந்து பனியெல்லாம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வலது பக்கம் மறுபடியும் அந்தப் பாறை வந்தபோது, கிளேட்டன் கோரினின் முகத்தை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக இடது பக்கம் திரும்பினான். கட்டைகள் சொன்னபடி கேட்டன. பனி இரண்டு பக்கமும் புகையாக எழும்பியது. அந்தச் சில நொடிகள் அவனுக்கு அப்படியொரு சந்தோஷமாக இருந்தது. அடுத்த திருப்பத்தில் குப்புற விழுந்தான், அது வேறு விஷயம். கீழே வந்ததும் கஸ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தாடியிலிருந்த பனிக்கட்டியெல்லாம் கிளேட்டன் கழுத்துக்குள் இறங்கியது.

கூடாரத்துக்குத் திரும்பியபோது ஹார்லன் அடுப்புக்குப் பக்கத்தில் பீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளேட்டன் அவரைப் பார்த்து அசந்துபோனான். சட்டையில் ஒரு பொட்டுப் பனி இல்லை. கன்னம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. உதட்டோரம் கோகோ ஒட்டியிருந்தது. விதவை மேட்டில் நாளெல்லாம் சறுக்கிவிட்டு ஒரு தடவைகூட விழாமல் வந்திருக்கிறார் மனுஷன். தானோ சட்டை முழங்கைவரை கிழிந்து, ஒரு காது மரத்து, உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் ஹார்லன் முகத்தில் வெற்றிக்களை ஒன்றும் இல்லை. அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

"அஞ்சு எப்படி இருந்துச்சு?"

"கஷ்டம்தான் சார். ஆனா முடிச்சிட்டேன்."

"முழுசாவா?"

"நடுவுல ஒண்ணுக்கு அனுப்பறேன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன் சார். மன்னிச்சுக்குங்க. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

ஹார்லன் பீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, குழுக்களைப் பற்றி ரோவினா ஏதாவது பேசினாளா என்று கேட்டார். ஒன்றும் பேசவில்லை என்றான் கிளேட்டன். வேறு யாராவது பேசினார்களா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. காலையிலிருந்து தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த வாய் முதல்முறையாக வேறு ஒன்று சொன்னது.

"மாப்ள. நான் கோரினைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வரேன். நீ எந்தத் தேதி வேணா வச்சுக்க."

கிளேட்டனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. ஊருல போயி நீ அஞ்சு, நான் ஒண்ணுன்னு நம்பர் கணக்கெல்லாம் பேச வேணாம். கோரின்கிட்ட கூட. ரெண்டு பேரும் ஒண்ணா சறுக்குனோம், அவ்வளவுதான். சரியா?"

எவ்வளவு பெரிய மனசு என்று கிளேட்டன் நெகிழ்ந்துபோனான். கடைசிக் குழுவில் புரண்ட மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, முதல் குழுவில் சறுக்கிய பெருமையையே விட்டுக்கொடுக்கிறார். இவரைப் போய் முரட்டு ஆள் என்று நினைத்தோமே. கோரினுக்கு ஏன் இவர் கை இத்தனை முக்கியம் என்று இப்போது புரிந்தது.

கிளம்பும் நேரத்தில் ஹார்லன் அந்தக் கழிப்பறை மரப்பெட்டிக்குள் போனார். போனவர் வெளியே வர முடியாமல் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், உறைந்துவிட்டது. டாட்டி ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு சாவகாசமாக வந்தாள். கதவு இடுக்கில் அதைச் சொருகி நெம்பியபடி, இன்றைக்கு எப்படி இருந்தது என்று கிளேட்டனைக் கேட்டாள்.

அவனுக்கு மனம் நிறைந்திருந்தது. இடது பக்கம் திரும்பியதைச் சொன்னான். அடுத்த வருஷமும் வருவேன் என்றான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, நாலு, மூணு என்று போய், என்றைக்காவது ஒருநாள் மாமனாரோடு முதல் குழுவில் நிற்கவேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று கூச்சத்தோடு சொன்னான்.

டாட்டி நெம்புவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். உள்ளே கதவு தட்டுவதும் சட்டென்று நின்றது.

"நல்ல ஆசைப்பா உனக்கு" என்றாள். "இந்த மனுஷனை ஒண்ணுலேருந்து ரெண்டாம் குழுவுக்காவது ஏத்திவிடலாம்னு நானும் வருஷா வருஷம் கெஞ்சிப் பாக்குறேன், ரொம்ப செங்குத்தா இருக்கும், பயமா இருக்குன்னுட்டு மாட்டவே மாட்டேங்கிறாரு."